ரமோன்ஸ் முதல் ஆல்பம்: பாட்டுக்குப் பாட்டு கேள்வி - பதில்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த ரமோன்ஸ் என்ற பங்க் ராக் (வேகமான, எளிய, இரைச்சலான ராக் வகை) குழுவின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரல் 23 அன்று வெளியானது. 14 பாட்டு, 29 நிமிடம். அதை வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: முதல் பாட்டிலேயே சந்தேகம். இடது காதில் பேஸ் மட்டும் உறுமுகிறது, வலது காதில் கிட்டார் மட்டும் இரைகிறது. இயர்போன் போய்விட்டதா, இல்லை ஆப்பில் கோளாறா? (வாசகர், வேளச்சேரி)

ப: இரண்டும் இல்லை. ஆல்பமே அப்படித்தான் கலக்கப்பட்டிருக்கிறது. டீ டீ ரமோனின் பேஸ் முழுக்க இடப்பக்கம், ஜானி ரமோனின் கிட்டார் முழுக்க வலப்பக்கம். ஜோயியின் குரலும் டாமியின் டிரம்ஸும் நடுவில். அறுபதுகளின் பீட்டில்ஸ் ஸ்டீரியோ தட்டுகளில் இப்படித்தான் ஒரு பக்கம் வாத்தியம், மறுபக்கம் குரல் என்று பிரித்து வைத்திருப்பார்கள். தயாரிப்பாளர் கிரெய்க் லியோன் அந்தப் பாணியை வேண்டுமென்றே இங்கே கொண்டுவந்தார்.

பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. இடது இயர்போனைக் கழற்றினால் கிட்டார் பாடம், வலதைக் கழற்றினால் பேஸ் பாடம். பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொள்கிற நண்பர்கள் மட்டும் இந்த ஆல்பத்தைத் தவிர்ப்பது நல்லது. இருவரும் ஆளுக்குப் பாதிப் பாட்டைத்தான் கேட்பார்கள்.

பிரிந்து கேட்காவிட்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரிலும் அதே கதைதான். மோனோவிலேயே கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு, 2016-இல் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிரெய்க் லியோனே செய்த மோனோ கலவை இருக்கிறது. அதில் கிட்டாரும் பேஸும் நெற்றியில் வந்து ஒன்றாக மோதும். கேட்டு ரசிக்க அது, கற்றுக்கொள்ள ஸ்டீரியோ என்பது எங்கள் கட்சி.

கே: கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது எனக்கு. பேரன் வற்புறுத்தியதால் கேட்டேன். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத்தான் தெரிகிறது. முதல் பக்கத்தில் எதைக் கவனித்துக் கேட்கட்டும்? (மூத்த வாசகர், மயிலாப்பூர்)

ப: உங்கள் காதுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை, ஐயா. கமகம் கிடையாது, சோலோ கிடையாது, வேகமும் பெரிதாக மாறாது. ராகத்தைத் தேடுகிற பழக்கத்தை அரை மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு, எதை எங்கே நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இந்தக் குழுவின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது.

'பிளிட்ஸ்க்ரீக் பாப்' ஏ, டி, இ என்ற மூன்று மேஜர் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வைத்தே வரிகளை ஓட்டிவிடுகிறது. கிட்டார் முழங்கித் தொடங்கும், பிறகு சட்டென்று ஒதுங்கிவிடும். டிரம்ஸ் மேல் 'ஹே ஹோ, லெட்ஸ் கோ' என்ற கோஷம் மட்டும் நிற்கும். கிட்டார் திரும்பி வரும்போது, அதே மூன்று கார்டு இருமடங்கு பெரிதாகக் கேட்கும். சத்தத்தைக் கூட்டவில்லை, நடுவில் கொஞ்சம் காலியிடம் விட்டார்கள், அவ்வளவுதான். பெரும்பகுதியை எழுதியவர் டிரம்மர் டாமி. ஸ்காட்லாந்தின் பே சிட்டி ரோலர்ஸ் குழு 'சாட்டர்டே நைட்' பாட்டில் எழுத்தெழுத்தாகக் கத்துவதைக் கேட்டு, தங்களுக்கும் அப்படி ஒரு கோஷம் வேண்டும் என்று செய்தது இது. டீ டீ தலைப்பை மாற்றினார், ஒரு வரியில் துப்பாக்கியையும் நுழைத்தார். பள்ளிப் பிள்ளைகளின் கொண்டாட்டப் பாட்டுக்குக் கொஞ்சம் விஷம் ஏறியது அப்படித்தான்.

'பீட் ஆன் தி பிராட்' ஜோயி எழுதியது. பணக்கார வீட்டு அடங்காப் பிள்ளையை மட்டையால் அடிப்பது பற்றிய பாட்டு, ஆனால் மெட்டு மிட்டாய் போல இருக்கும். இந்த ஆல்பத்தின் சாவி இந்த முரண்தான். வார்த்தையை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள், அறுபதுகளின் ரேடியோப் பாட்டாகிவிடும். ஜோயியின் உச்சரிப்பையும் கவனியுங்கள். குவீன்ஸ் பையன், லண்டன் பையனைப் போலப் பாடுகிறார்.

'ஜூடி இஸ் எ பங்க்' ஒன்றரை நிமிடம், ஆல்பத்திலேயே சிறியது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால், அதுவும் முதல் சரணம் மாதிரியேதான் என்று பாடகரே அறிவித்துவிடுவார். அது 1965-இல் ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் குழு பாடிய 'ஐ'ம் ஹென்றி தி எய்த், ஐ ஆம்' பாட்டிலிருந்து எடுத்த வேடிக்கை. எல்லாம் ஒரே மாதிரி என்று நீங்கள் குறைப்படுவதற்கு முன்பே அவர்களே சொல்லிவிட்டார்கள், பாருங்கள். மூன்றாம் சரணத்துக்கு முன் இது வேறு மாதிரி என்பார்கள். கேட்டால் அதிகம் மாறியிருக்காது.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்கக்கூடும். 'ஐ வான்னா பி யுவர் பாய்ஃப்ரெண்ட்' டாமியின் காதல் பாட்டு, ஆல்பத்தில் மிக நிதானமானது. 12 தந்திக் கிட்டாரும் மணி ஒலியும் பின்னால் மெல்ல வரும். சிரிப்பு, கிண்டல் எதுவும் இல்லாமல் நேராகப் பாடப்பட்ட பாட்டு. நான்காவது இடத்தில் இதை வைத்தது நல்ல கணக்கு. மூன்று பாட்டு இரைச்சலுக்குப் பிறகு காது இளைப்பாறியதும், ஐந்தாவதான 'செயின் சா' நிஜ ரம்பத்தின் ஓசையோடு தொடங்கும். 1974-இல் வந்த டெக்சஸ் ரம்பக் கொலைப் படம்தான் அதன் பொருள். எதுகைக்காக 'மாஸக்கர்' என்ற சொல்லை ஜோயி 'மாஸக்ரீ' என்று இழுக்கும் இடத்தில் சிரிப்பு வராவிட்டால் இந்த ஆல்பம் உங்களுக்கில்லை என்று தயங்காமல் பேரனிடம் சொல்லிவிடலாம்.

ஆறாவதைப் பற்றி அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். ஏழாவது 'ஐ டோன்ட் வான்னா கோ டவுன் டு தி பேஸ்மென்ட்', பேய்ப்பட பயம். இரண்டரை நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. ஆல்பத்தில் நீளமானது இதுதான், நீளமாகத் தெரிவதும் இது ஒன்றுதான்.

கே: என் பையனுக்கு 14 வயது. பசையை முகர்வது பற்றி ஒரு பாட்டு இதில் இருக்கிறதாமே? கேட்க விடலாமா? (ஒரு தாய், பெரம்பூர்)

ப: 'நௌ ஐ வான்னா ஸ்னிஃப் சம் க்ளூ' என்ற பாட்டு, அம்மா. டீ டீ எழுதியது. மொத்தம் நான்கு வரி. செய்ய வேலையில்லை, பொழுது போகவில்லை, பசையை முகரலாம் என்று ஒரு பையன் சொல்கிறான். பிறகு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுகிறார்கள். அந்த வெறுமைதான் பாட்டின் பொருள். அடுத்த ஆண்டு வந்த 'லீவ் ஹோம்' ஆல்பத்தில் பசைக்குப் பதில் ஒரு கறை நீக்கியின் பெயரை வைத்து இதையே நீட்டினார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதால் பாட்டையே தட்டிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. லண்டனில் 1976-இல் பங்க் ரசிகர்களுக்காகக் கையால் தட்டச்சிட்டு வந்த 'ஸ்னிஃபின் க்ளூ' பத்திரிகைக்குப் பெயர் கொடுத்ததும் இந்தப் பாட்டுதான்.

பாட்டைத் தடுப்பதைவிட, பாட்டு சொல்லாததை நீங்கள் சொல்லிவிடுங்கள். பஞ்சர் சொல்யூஷன், தின்னர் போன்றவற்றில் இருக்கும் டொலுவீன் மூளையை மெல்லக் கெடுப்பது ஒரு பக்கம். முகர்ந்த முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போவதும் உண்டு. "ஒரே ஒரு தரம்தானே" என்ற கணக்கு இதில் செல்லாது. நம் ஊரில் தெருப் பிள்ளைகள் துணியில் சொல்யூஷன் வைத்து முகர்வதை அவனே பார்த்திருப்பான், அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கே: ஆறு மாதமாகக் கிட்டார் கற்கிறேன். 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' மூன்றே கார்டு என்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் வலது முன்கை கல்லாகிவிடுகிறது. எங்கே தவறு? (கல்லூரி மாணவி, தாம்பரம்)

ப: இடது கைக்குத்தான் இது எளிய பாட்டு. வலது கைக்கு இது ஓட்டப்பந்தயம். வேகம் நிமிடத்துக்கு 175 பீட்டை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு பீட்டுக்கும் இரண்டு மீட்டு, அதுவும் எல்லாமே மேலிருந்து கீழ். நொடிக்கு ஏறக்குறைய ஆறு. கீழிருந்து மேலே ஒரு மீட்டுகூட ஜானி போட மாட்டார். மேல் நோக்கி மீட்டினால் மெல்லிய தந்திகள்தான் முதலில் அதிரும், சத்தம் மாறி மாறி வரும். எல்லாமே கீழ் நோக்கி என்றால் ஒவ்வொரு அடியிலும் தடித்த தந்தி முன்னால், ஒரே கனம். நீங்கள் கேட்கும் அந்தச் சுவர் போன்ற இரைச்சல் அதிலிருந்து வருகிறது. எளிது என்று மேலும் கீழுமாக மீட்டிப் பாருங்கள், கார்டு சரியாக இருந்தும் பாட்டு வேறாகிவிடும்.

கை இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் வில்லையை, இறுகப் பிடிப்பது முதலாவது. கைகுலுக்கும் அளவு பிடி போதும், அது அடிக்கடி நழுவினால் பிக்கை மாற்றுங்கள். 0.73 மி.மீ. முதல் 0.88 மி.மீ. வரை தடிமன் இதற்குச் சரி. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு தந்தியும் எதிர்த்து நிற்கும். இரண்டாவது, பிக் ஆழமாக இறங்குவது. நுனியில் 2 மி.மீ. தந்தியைத் தொட்டால் போதும். மூன்றாவது, முழங்கையிலிருந்து வீசுவது. அசைவு மணிக்கட்டில்தான் இருக்க வேண்டும், ஆறு தந்தியைக் கடந்ததும் அங்கேயே திரும்ப வேண்டும். பலர் தொடை வரை கையைக் கொண்டுபோய்த் திரும்புகிறார்கள். அந்தத் தூரம் முழுக்க வீண்.

பயிற்சிக்குத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110 பீட்டில் வையுங்கள். ஏ கார்டு ஒன்றை மட்டும் பிடித்து, பீட்டுக்கு இரண்டு கீழ் மீட்டாக இரண்டு நிமிடம் நிறுத்தாமல். தோள் தளர்வாக இருந்தால் மறுநாள் 115. இறுகினால் 5 குறையுங்கள். ஒரு நாளில் இரண்டு படி ஏறாதீர்கள். 150-ஐத் தாண்டும்போது மிக நாளாகும், அங்கே 2 பீட்டாகக் கூட்டினால் போதும். எரிச்சல், மரத்துப்போதல், மணிக்கட்டில் குத்தல் வந்தால் அன்றைக்கு மூடி வைத்துவிட வேண்டியதுதான். தசைச் சோர்வு வேறு, நரம்பு வலி வேறு.

ஜானியைப் போலக் கிட்டாரை முழங்காலுக்குத் தொங்கவிடும் ஆசை இப்போது வேண்டாம். இடது மணிக்கட்டு மடங்கி, ஆள்காட்டி விரலால் தந்திகளை ஒருசேர அழுத்தும் பாரே கார்டு பிடிக்கவே முடியாமல் போகும். இன்னொன்று, தாம்பரத்தில் பரவாயில்லை, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து மூன்றே வாரத்தில் தந்தியைச் சொரசொரப்பாக்கிவிடும். சொரசொரப்பான தந்தி பிக்கைப் பிடித்து இழுக்கும், கை சீக்கிரம் களைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள்.

கே: பாரே கார்டு கஷ்டம் என்பதால் இரண்டு விரல் பவர் கார்டில் வாசிக்கிறோம். கார்டு சரி, வேகம் சரி, ஆனாலும் ஆல்பத்தில் இருக்கிற பளபளப்பு வரவில்லை. ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெயினை முழுக்கத் திருப்பியும் பார்த்தாகிவிட்டது. (மூன்று பேர் குழு, கொளத்தூர்)

ப: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், இரண்டு விரல் என்பதில்தான் இருக்கிறது. பவர் கார்டில் மேஜர், மைனர் என்று அடையாளம் சொல்கிற மூன்றாம் ஸ்வரம் கிடையாது. ஜானி வாசித்தது முழு மேஜர் பாரே கார்டு. அந்த மூன்றாம் ஸ்வரம்தான் பாட்டை இனிக்க வைக்கிறது. அது போனால் இருண்ட ஹெவி மெட்டல் சாயல் வந்துவிடும்.

ஏ கார்டை 5-ஆம் ஃபிரெட்டில் இ வடிவப் பாரேயாகப் பிடியுங்கள். டி-யை அதே 5-ஆம் ஃபிரெட்டில் ஏ வடிவத்தில். இ-யை 7-ஆம் ஃபிரெட்டில் ஏ வடிவத்தில். கை இரண்டு ஃபிரெட் தூரம்தான் நகர வேண்டும். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, எலும்போரம் தந்தியில் படும்படி வைத்தால் பாதி பலத்தில் சத்தம் சுத்தமாக வரும்.

கெயினை இறக்குங்கள். முழு மேஜர் கார்டில் டிஸ்டார்ஷன் அதிகமானால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கூழாகிவிடும். மெல்ல மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி மீட்டினால் கரகரப்பாகவும் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான சிறிய ஆம்ப்களில் அது பாதிக்கும் கீழே. பேஸ் நாப் 10-க்கு 3, மிடில் 6, ட்ரெபிள் 7, பிரிட்ஜ் பிக்கப். தனியாகக் கேட்டால் மெல்லியதாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். அடிப்பகுதியை நிரப்புவது பேஸ் கிட்டாரின் வேலை. வலது இயர்போனில் ஜானியை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவர் சத்தமும் நாம் நினைத்துவைத்ததைவிட ஒல்லிதான்.

ஆம்பை இரண்டு பின் பிளக்கில் மாட்டாதீர்கள். எர்த் இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமல்ல, தந்தியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் எர்த் கம்பி உள்ளே இணைக்கப்படாமல் கிடப்பதுண்டு. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேல் மாடி பிளாட்டில் ஆம்பை டைல்ஸ் தரையில் நேராக வைக்காமல் ஒரு தடித்த ரப்பர் மேட் போட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரரும் உங்கள் ரசிகராக இருப்பார்.

கே: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ரெக்கார்ட் பிளேயர். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். 29 நிமிட ஆல்பம் 35 நிமிடம் ஓடுகிறது, ஜோயி ஏதோ அண்டாவுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறார். பெல்ட் மாற்றியும் சரியாகவில்லை. (வாசகர், அண்ணா நகர்)

ப: பெல்ட்டுக்குச் செலவழித்தது வீண். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், அலைவரிசையைத் தொடாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. உங்கள் பிளேயரில் இருப்பது ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டாராக இருக்கும். அது வோல்ட்டைப் பார்த்து ஓடாது, ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். ஆறில் ஐந்து பங்கு வேகம் என்றால் 33⅓-க்குப் பதில் சுமார் 27.8 சுற்று. 29 நிமிடம் 35 ஆவது சரிக்குச் சரி. சுருதியும் மூன்று அரைஸ்வரத்துக்கு மேல் இறங்கும். ஏ-யில் உள்ள பாட்டு எஃப் ஷார்ப்புக்கும் கீழே கேட்கும். கூடச் சேர்ந்து கிட்டார் வாசித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உறுதி செய்ய, தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 100 வந்தால் சரியான வேகம். 83 வந்தால் மேலே சொன்ன கோளாறு. 95, 97 என்று வந்தால்தான் பெல்ட்டையோ எண்ணெய் காய்ந்த பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும்.

தீர்வு, மோட்டார் தண்டில் உள்ள புல்லியை மாற்றுவது. 50 ஹெர்ட்ஸ் புல்லியின் விட்டம் 60 ஹெர்ட்ஸ் புல்லியைப் போல 1.2 மடங்கு. அதே மாடலுக்கு ஐரோப்பாவில் விற்ற புல்லி கிடைத்தால் நல்லது. லேத்தில் கடைந்து வாங்குவதாக இருந்தால் துல்லியமாகக் கடைபவரிடம் போங்கள். நூலளவு மையம் விலகினாலும் பாட்டு அலைபாயும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே உருவாக்கித் தரும் தனி சப்ளைகளும் உண்டு, விலை அதிகம். மோட்டார் டி.சி. என்றால் இந்தத் தொல்லையே இல்லை. வாங்கும் முன் பின்பக்க லேபிளைப் பாருங்கள். '120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் உள்ளே என்ன மோட்டார் என்று விசாரித்துவிட்டு வாங்கலாம். 12 வோல்ட் டி.சி. அடாப்டரில் ஓடுவது என்றால் பெரும்பாலும் பயமில்லை, அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

தட்டில் வெள்ளைப் பூஞ்சைப் புள்ளி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பங்கு டிஸ்டில்ட் வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் இந்தக் கலவையைத் தொடவே வேண்டாம், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கே: பங்க் என்பது அமெரிக்கக் கானா என்று சொல்லலாமா? (வாசகர், வியாசர்பாடி)

ப: மேடையைப் பார்த்தால் சொல்ல முடியாது. கானா பாடுகிறவர் கூட்டத்தைப் பார்த்து வரியை நீட்டுவார், எதிரில் நிற்பவர் பெயரைச் சேர்ப்பார். ரமோன்ஸ் மேடையில் அந்த நெகிழ்ச்சி கிடையாது. ஒரு பாட்டு முடிந்த மூச்சில் டீ டீ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார், அடுத்தது தொடங்கிவிடும்.

கே: இரண்டாம் பக்கம் முதல் பக்கம் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. அதோடு கடைசிப் பாட்டில் நாஜி சங்கதி வருகிறதே, அதைக் கல்லூரி கல்ச்சுரல்ஸில் பாடலாமா என்று எங்கள் குழுவுக்குள் சண்டை. (மாணவர், கிண்டி)

ப: முதல் கருத்தில் பாதி சம்மதம். 'லவுட்மௌத்' வந்த சுவடு தெரியாமல் போய்விடும். 'லிசன் டு மை ஹார்ட்' நல்ல மெட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. 'ஹவானா அஃபேர்' வேடிக்கையானது. வாழைப்பழம் பறித்துக்கொண்டிருந்த கியூபாக்காரன் சி.ஐ.ஏ.வுக்கு வேலை பார்க்கிறான். 'மேட்' பத்திரிகையில் வந்த 'ஸ்பை வெர்சஸ் ஸ்பை' படக்கதை தந்த பாட்டு. அதை வரைந்த அந்தோனியோ புரோயியாஸும் கியூபாவை விட்டு வந்தவர்தான். 'லெட்ஸ் டான்ஸ்' 1962-இல் கிறிஸ் மான்டெஸ் பாடிப் பிரபலமானது. ஆல்பத்தில் இரவல் பாட்டு இது ஒன்றே. பதிவு நடந்த பிளாசா சவுண்ட் ஸ்டூடியோ ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தில் இருந்ததால், அந்த அரங்கின் பிரம்மாண்டமான வுர்லிட்சர் ஆர்கனை இதில் சேர்த்துக்கொண்டார்கள். 6,400 டாலரில் முடித்த ஆல்பத்தில் இப்படி ஒரு ராஜ வாத்தியம் ஒளிந்திருக்கிறது. நடுவில் உன்னிப்பாகக் கேளுங்கள், கிட்டார் அதை முக்கால்வாசி விழுங்கிவிட்டிருக்கும்.

இந்தப் பக்கத்தின் கனமான பாட்டு 'ஃபிஃப்டி தேர்ட் அண்ட் தேர்ட்'. மன்ஹாட்டனில் 53-ஆம் தெருவும் மூன்றாம் அவென்யூவும் சந்திக்கும் முனை, அந்நாளில் ஆண்கள் உடலை விற்று நின்ற இடம். வியட்நாமிலிருந்து திரும்பியவன் ஒருவன் அங்கே நிற்கிறான், யாரும் அவனைத் தேர்ந்தெடுப்பதில்லை. நடுவில் குரல் மாறுகிறதைக் கவனித்தீர்களா? சவரக் கத்தி வருகிற அந்த வரிகளை எழுதிய டீ டீயே பாடுகிறார். ஜோயியின் பாட்டுக் குரலுக்குப் பிறகு அந்தக் கத்தல் எலும்பில் இறங்கும். வார்த்தைக்காக ஒரே ஒரு பாட்டை இந்த ஆல்பத்தில் கேட்பதென்றால் இதைத்தான் சொல்வோம்.

'ஐ டோன்ட் வான்னா வாக் அரவுண்ட் வித் யூ' குழு ஆரம்ப நாளில் செய்த பாட்டு, மொத்தமே இரண்டு வரி.

இனி உங்கள் சண்டைக்கு வருவோம். 'டுடே யுவர் லவ், டுமாரோ தி வேர்ல்ட்' பாட்டின் மூல வரியில், பாடுகிறவன் தன்னை நாஜி என்றே சொல்லிக்கொண்டான். ஆல்பத்தை வெளியிட்ட சையர் நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் யூதர், அதை ஏற்கவில்லை. அதன் பிறகு வந்ததுதான் இப்போது தட்டில் இருக்கும் 'ஷாக் ட்ரூப்பர்' வரி. பாடிய ஜோயியும் யூதக் குடும்பம். டாமி புடாபெஸ்டில் பிறந்தவர், அவர் பெற்றோர் யூத இன அழிப்பில் தப்பிப் பிழைத்தவர்கள். ஆகவே அவர்கள் வாயில் அது இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் வரும் வில்லனைக் கேலி செய்வது. உங்கள் மேடையில் இந்தப் பின்கதை எதுவும் கூட்டத்துக்குத் தெரியாது, கோஷம் மட்டும்தான் கேட்கும். இசையாகப் பார்த்தால் நல்ல முடிவுப் பாட்டு, வார்த்தையாகப் பார்த்தால் விடலைத்தனம். விட்டுவிடுங்கள், வேறு 13 இருக்கிறது.

கே: டிரம்ஸ் நான். ஹை-ஹேட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு) நான்கு பீட்டுக்கு எட்டு அடி ஒரே கையில் வரவில்லை. இரு கையாலும் பிரித்து அடிக்கலாமா? (வாசகர், போரூர்)

ப: கூடாது. ஸ்னேர் டிரம் அடி இரண்டாம், நான்காம் பீட்டில் விழும்போது ஹை-ஹேட்டில் ஒரு அடி காணாமல் போகும், அந்த ஓட்டை தெளிவாகத் தெரியும். டாமி மூடிய ஹை-ஹேட்டில் ஒரே கையால்தான் ஓட்டினார். அவர் முதலில் டிரம்மரே அல்ல. டிரம்ஸில் இருந்த ஜோயி பாடப் போனதும், வேறு ஆள் சரிவராமல் உட்கார்ந்தவர். குச்சியை விரலில் துள்ளவிடுங்கள், மணிக்கட்டால் ஒவ்வொன்றையும் அடிக்காதீர்கள். ஃபில் என்கிற இடைநிரப்பு அடி எதுவும் சேர்க்க வேண்டாம். பிளாட்டில் ரப்பர் பேட் போதும்.

கே: பத்து நிமிட மேடை. ஐந்து பாட்டு போடலாமா? (நால்வர் குழு, அடையாறு)

ப: 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' 2:12, 'பீட் ஆன் தி பிராட்' 2:30, 'ஜூடி' 1:30, 'லிசன் டு மை ஹார்ட்' 1:56, 'வாக் அரவுண்ட்' 1:43. கூட்டினால் 9:51. மீதி ஒன்பது நொடி. கேபிள் மாட்டவே அது பத்தாது, பத்து நிமிடம் முடிந்ததும் மைக்கை அணைத்துவிடுவார்கள். 'பீட் ஆன் தி பிராட்'டை எடுத்துவிட்டால் 7:21 ஆகும், இரண்டரை நிமிடம் கையில் நிற்கும். 'பிளிட்ஸ்க்ரீக் பாப்'பை முதலில் வைக்காதீர்கள், சவுண்ட் ஆள் லெவல் சரிசெய்வதற்குள் கோஷம் முடிந்துவிடும். 'ஜூடி'யில் தொடங்கி, 'வாக் அரவுண்ட்', 'லிசன்', கடைசியில் 'பிளிட்ஸ்க்ரீக்'. தொடர்ந்து கீழ் மீட்டு போட்டால் சுருதி சீக்கிரம் இறங்கும். புதுத் தந்தியை நிகழ்ச்சிக்கு முந்தின நாளே மாட்டி இழுத்துவிட்டு வையுங்கள், அன்று காலையில் மாட்டினால் இரண்டாம் பாட்டிலேயே கலையும். ட்யூனர் பெடல் ஒன்று காலடியில் இருக்கட்டும். மூன்றாம் பாட்டுக்கு முன் டிரம்மர் நான்கு பார் (பதினாறு பீட்) தனியாக ஓட்டினால், அதற்குள் இருவரும் சத்தமில்லாமல் ஆறாம் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் சரிபார்த்துவிடலாம்.